புல்லின் வேரடி மண்: தழைச்சத்துக் கேள்வியும் அதை அளந்த முறைகளும்

அமெரிக்காவின் அயோவாவில் ஹோவர்டு டிட்மர் என்ற தாவரவியலாளர் ரை தானியச் செடி ஒன்றைப் பெட்டியில் வளர்த்தார். நான்கு மாதம் கழித்து மண்ணைக் கழுவி நீக்கி, வேர்களை அளந்து, 1937இல் முடிவை வெளியிட்டார். இரண்டு கன அடிக்கும் குறைவான மண்ணில் அந்த ஒற்றைச் செடி ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளத்துக்கு வேர் விட்டிருந்தது. வேர்த்தூவிகளின் எண்ணிக்கை சுமார் 1,400 கோடி. நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம், கரும்பு என உலகுக்கு உணவளிக்கும் புல்லினப் பயிர்கள் யாவும் இப்படிச் சல்லிவேர் பரப்பி மண்ணைப் பின்னிக்கொள்பவை. அந்த வேர்ப்பரப்பை ஒட்டிய மெல்லிய மண்ணடுக்கில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் திரண்டு வாழ்கின்றன. அவை புல்லுக்குக் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துத் தருகின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் 'இல்லை' என்றார்கள்; பிறகு 'ஆம், மிகுதியாக' என்றார்கள்; அதன்பின் 'கொஞ்சம்' என்றார்கள். விடை மாறிய ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே அளக்கும் முறை மாறியிருந்தது. வேரையும் அதைச் சூழ்ந்த உயிர்களையும் பிரித்துவைத்து அளந்த காலங்களில் கிடைத்த விடைகளே பெரும்பாலும் பிழைபட்டன என்பது என் வாதம்.

பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1830களின் இறுதியில் செய்த சோதனைகளில் குளோவரும் பட்டாணியும் வளரும்போது தழைச்சத்தைக் கூட்டிக்கொண்டன; கோதுமையும் ஓட்ஸும் கூட்டவில்லை. இதைத் தீர்த்துவைக்க இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் லாஸ், கில்பர்ட், பியூ ஆகிய மூவரும் 1850களின் பிற்பகுதியில் இறங்கினார்கள். கண்ணாடி மூடிகளுக்குள் செடிகளை வளர்த்தார்கள். உள்ளே போகும் காற்றில் அம்மோனியா கலந்துவிடக் கூடாது என்று அதைச் சுத்திகரித்தார்கள். மண்ணில் பழைய தழைச்சத்தின் சுவடுகூட இருக்கக் கூடாது என்று அதைச் சுட்டெடுத்தார்கள். எந்தச் செடியும் காற்றிலுள்ள தழைச்சத்தை எடுப்பதில்லை என்று 1861இல் அறிவித்தார்கள். அவர்கள் காலத்தின் மிக நுணுக்கமான சோதனை அது. மண்ணைச் சுட்டபோது அதிலிருந்த உயிர்களும் அழிந்தன என்பதைப் பார்க்கும் கண் அன்றைய அறிவியலுக்கு வாய்க்கவில்லை. அதே ரோதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய பிராட்பால்க் வயலில், எந்த உரமும் இடப்படாத பாத்தி ஆண்டுதோறும் கோதுமை விளைவித்துக்கொண்டே இருந்தது. குறைந்த விளைச்சல்தான், ஆனால் அற்றுப்போகவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 1886இல் பெர்லினில் கூடிய இயற்கை அறிவியலாளர் மாநாட்டில் ஹெல்ரீகல் பட்டாணியின் மர்மத்தை அவிழ்த்தார். சுத்தமாக்கிய மணலில் வாடிய பட்டாணிக்கு வளமான மண்ணைக் கரைத்த நீரைச் சிறிதளவு ஊற்றினால், வேரில் முடிச்சுகள் தோன்றிச் செடி தழைத்தது. ஓட்ஸும் பார்லியும் அப்படித் தழைக்கவில்லை. மணலில் எவ்வளவு நைட்ரேட் இட்டாரோ அந்த அளவுக்கே வளர்ந்தன. 1888இல் பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததும் பயறுவகைகளின் கதை உறுதியாயிற்று. புல்லினம் கதைக்கு வெளியே தள்ளப்பட்டது. முடிச்சு இல்லையென்றால் உறவும் இல்லை என்ற எண்ணம் பாடநூல்களில் வெகுகாலம் நிலைத்தது.

முடிச்சைத் தாண்டி வேரைச் சூழ்ந்த மண்ணையே ஒரு வாழிடமாகப் பார்த்தவர் ஜெர்மானியர் லோரன்ஸ் ஹில்ட்னர். பயறுவகை விதைகளுக்கான நைட்ராஜின் என்ற உயிர் உரத்துக்கு 1896இல் நோபெயுடன் சேர்ந்து காப்புரிமை பெற்றவர் அவர். பின்னர் மியூனிக்கில் பணியாற்றினார். 1904இல் அவர் ஆற்றிய உரையில்தான் ரைசோஸ்பியர் என்ற சொல் அறிவியலுக்குள் வந்தது. தமிழில் அதை வேர்மண்டலம் என்கிறோம். வேர் வெளியிடும் பொருள்கள் சில நுண்ணுயிர்களை ஈர்க்கின்றன, ஈர்க்கப்பட்டவற்றுள் உதவுபவையும் உண்டு, கெடுப்பவையும் உண்டு, பயிரின் நலம் அந்தக் கூட்டத்தின் சேர்க்கையைப் பொறுத்தது என்று அவர் சொன்னார். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மூன்று கூற்றுகளை விரிப்பவையே. அவற்றை மெய்ப்பிக்கும் கருவிகள் ஹில்ட்னரிடம் இருக்கவில்லை.

கருவிகள் மெதுவாகவே வந்தன. நியூ ஜெர்சியில் ராபர்ட் ஸ்டார்க்கி 1929 முதல் செடியின் வயதோடு வேரடி நுண்ணுயிர்கள் பெருகுவதை எண்ணிக் காட்டினார். மண்ணில் கண்ணாடி வில்லைகளைப் புதைத்துவைத்து, வேரும் உயிர்களும் அவற்றின்மீது ஒட்டி வளர்ந்தபின் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை 1930களில் கைகொடுத்தது. ஆஸ்திரேலியாவின் ரொவீரா 1950களில் ஓட்ஸ், பட்டாணி ஆகியவற்றின் வேர்க்கசிவில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் இருப்பதை வகைப்படுத்தினார். 1963இல் ஜென்னியும் கிராசன்பாக்கரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் வேருக்கும் மண்துகளுக்கும் நடுவே ஒரு பசைக்கூழ் அடுக்கு இருப்பதைக் காட்டினார்கள். இதே காலத்தில் சோவியத் ஒன்றியம் அசோடோபாக்டர் என்ற பாக்டீரியா உரத்தை லட்சக்கணக்கான ஹெக்டேரில் தூவிக்கொண்டிருந்தது. விளைச்சல் கூடிய இடங்களிலும் அதற்குக் காரணம் தழைச்சத்தா, பாக்டீரியா சுரக்கும் வளர்ச்சிப் பொருள்களா என்ற ஐயம் அன்றே எழுந்தது. அந்த ஐயம் பின்னால் பெரிதாகத் திரும்பி வரும்.

கிலோமீட்டர் 47

புல்லினத்தைக் கதைக்குள் திரும்பக் கொண்டுவந்தவர் யோகன்னா டோபரைனர். 1924இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர். போருக்குப்பின் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். பண்ணைகளில் பால் கறந்து பிழைத்து, மியூனிக்கில் வேளாண்மை படித்து, 1950களின் தொடக்கத்தில் பிரேசிலில் வாழ்க்கையைத் தொடங்கினார். ரியோ டி ஜெனிரோவுக்கு வெளியே செரோப்பெடிகாவில், கிலோமீட்டர் 47 என்று அழைக்கப்பட்ட அரசு ஆய்வு வளாகத்தில் வேலை கிடைத்தது. 2000இல் இறக்கும்வரை அந்த ஊரே அவருடைய களம்.

அவர் கண்ணில் பட்டது ஒரு புல்தரை. உரமே காணாத தரையிலும் படடாய்ஸ் என்ற பஸ்பாலம் புல் பச்சை மாறாமல் இருந்தது. அதன் வேரை ஆராய்ந்து 1966இல் அசோடோபாக்டர் பஸ்பாலி என்ற புதிய பாக்டீரியாவை விவரித்தார். அது எல்லாப் புல்லிலும் வாழவில்லை. பஸ்பாலத்திலேயே சில வகைகளில் மட்டும் வாழ்ந்தது. பென்சகோலா என்ற நெருங்கிய உறவு வகையின் வேரில் அது இல்லை. ஒரு செடியின் மரபு தன் வேரடி உயிரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று அன்று வேறு இருந்ததாக நான் கருதவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் புதிய அளவுகோல் ஒன்று கிடைத்தது. தழைச்சத்தை நிலைப்படுத்தும் நைட்ரஜனேஸ் என்ற நொதி அசிட்டிலீன் வாயுவை எத்திலீனாகவும் மாற்றும். எத்திலீனை அளப்பது எளிது, மலிவு. ரோதம்ஸ்டெட்டிலிருந்து வந்த டே, டார்ட் ஆகியோருடன் சேர்ந்து டோபரைனர் 1972இல் பஸ்பாலம் வேர்களை இம்முறையில் அளந்தார். அந்த நொதிக்கு ஆக்சிஜன் பகை என்பதால், காற்றில் ஆக்சிஜனைக் குறைத்தபோதே வேரடியில் அதன் செயல் நன்கு தெரிந்தது.

அதே புரிதலில் பிறந்தது ஓர் எளிய ஊடகம். மாலிக் அமிலத்தின் உப்பும், காரத்தில் நீலமாகும் சாயமும், மிகக் குறைந்த அளவு அகாரும் சேர்த்த, கெட்டிப்படாத கூழ் அது. வேர்த்துண்டை இட்டால், பாக்டீரியா மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தனக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் கிடைக்கும் ஆழத்தைத் தானே தேடி, மெல்லிய வெண்படலமாகத் திரளும். பெய்ஜெரிங்க் 1925இல் விவரித்துவிட்டு உலகம் மறந்துபோன ஸ்பைரில்லம் இப்படி டிஜிடேரியா புல்லின் வேரிலும், பிறகு மக்காச்சோளத்திலும் சோளத்திலும் கோதுமையிலும் நெல்லிலும் வெளிப்பட்டது. 1978இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று பெயர் சூட்டினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, ஒரு வெப்பநாட்டு ஆய்வகம் தன் மண்ணைத் தானே படிக்கக் கற்ற தருணமாக இதை நான் மதிக்கிறேன்.

அறுத்த வேரின் பிழை

1975இல் ஃபான் பியூலோவும் டோபரைனரும் பிரேசிலின் மக்காச்சோள வேர்களில் மிக உயர்ந்த நைட்ரஜனேஸ் செயலைக் கண்டதாக அறிவித்தார்கள். எண்ணெய் விலையேற்றத்தால் யூரியா விலை ஏறியிருந்த நேரம் அது. தானியப் பயிர் தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. ஆய்வகங்கள் பலவும் அசோஸ்பைரில்லத்தின் பக்கம் திரும்பின.

அளவீட்டின் உள்விவரத்தைப் பார்த்தவர்களுக்கு நெருடல் தட்டியது. வேரைச் செடியிலிருந்து அறுத்து, கழுவி, குறைந்த ஆக்சிஜனில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாளே அசிட்டிலீனைச் செலுத்தினார்கள். அந்த இரவில் அறுபட்ட வேரிலிருந்து கசிந்த உணவைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகின. மறுநாள் அளக்கப்பட்டது வயலில் நடந்த வேலையன்று, குடுவைக்குள் பெருகிய கூட்டத்தின் வேலை. மண்ணோடும் செடியோடும் இருந்த வேர்களை அப்படியே அளந்தபோது அந்தப் பெரிய எண்கள் கிடைக்கவில்லை. சுட்ட மண் 1861இல் உள்ளதை மறைத்தது; அறுத்த வேர் 1975இல் இல்லாததைக் காட்டியது. இரண்டிலும் உறவை அறுத்துவிட்டே உறவை அளந்தார்கள்.

டோபரைனரின் குழு இதன்பின் நைட்ரஜனின் கன ஐசோடோப்பைக் கையில் எடுத்தது. குறியிட்ட மண்ணில் செடியைப் பருவம் முழுதும் வளர்த்து, அதன் உடலில் சேர்ந்த தழைச்சத்தில் காற்றிலிருந்து வந்த பங்கைக் கணக்கிடும் முறை அது. மெதுவானது, செலவு மிக்கது, வேரை அறுக்காதது. படடாய்ஸ் புல்லுக்குக் காற்றிலிருந்து கிடைத்தது அதன் தழைச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று 1980களில் தெரிந்தது. கரும்பில் எண்கள் உயர்ந்தன: பிரேசிலின் சில ரகங்கள் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெற்றதாக 1992இல் வெளியான தொட்டிச் சோதனைகள் கூறின. கரும்பின் திசுவுக்கு உள்ளேயே வாழ்ந்து, பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசலிலும் செழிக்கும் ஒரு பாக்டீரியாவை 1988இல் காவல்காந்தேயும் டோபரைனரும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த ஐசோடோப் சோதனைகளில் கரும்பு அப்படிப் பெரும்பங்கு பெறவில்லை. ரகம், மண், உர வழக்கம் என எது இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பதில் கருத்தொற்றுமை இன்னும் ஏற்படவில்லை.

அசோஸ்பைரில்லம் மட்டும் வயலை விட்டு வெளியேறவில்லை. தழைச்சத்துக் கணக்கு சுருங்கிய பிறகும் பயிர் பல இடங்களில் கூடுதலாக விளைந்தது. 1979இல் கம்புப் பயிரில் செய்த ஆய்வு, இந்த பாக்டீரியா இண்டோல் அசிட்டிக் அமிலம் முதலான வளர்ச்சி ஊக்கிகளைச் சுரப்பதையும், பக்கவேர்கள் மிகுவதையும் காட்டியது. சோவியத் உரத்தைப் பற்றி எழுந்த பழைய ஐயத்துக்கு இங்கே விடை கிடைத்தது: பாக்டீரியா வேரை விரிக்கிறது, விரிந்த வேர் மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் கூடுதலாக எடுக்கிறது. இஸ்ரேலின் ஓகோன் இருபது ஆண்டு வயல் சோதனைகளை 1994இல் தொகுத்தபோது, அவற்றில் அறுபது முதல் எழுபது விழுக்காட்டில் விளைச்சல் 5 முதல் 30 விழுக்காடு உயர்ந்திருந்தது. பிரேசிலில் டோபரைனரின் மாணவி மரியாங்கெலா உங்ரியா தேர்ந்தெடுத்த அசோஸ்பைரில்ல வகைகள் மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் பரவலாயின. 2025இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இந்தப் பெயர் புதிதன்று. வேளாண்மை விரிவாக்க மையங்களில் அசோஸ்பைரில்லப் பொட்டலம் கிடைக்கும். அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்வதும், நடவுக்கு முன் நாற்றின் வேரைக் கரைசலில் நனைப்பதும், தொழுவுரத்தோடு கலந்து வயலில் இடுவதும் பழகிய நடைமுறைகள். அது காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்துத் தரும் என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. வேரை விரிக்கும் வேலையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதில் பயனும் உண்டு. வேர் விரிவதால் வரும் பலன் மண்ணில் ஏற்கெனவே சத்து இருந்தால்தான் கிடைக்கும். வறண்டுபோன, மட்கு அற்ற மண்ணில் ஒரு பொட்டலத்தை நம்பி யூரியாவைக் குறைக்கும் விவசாயிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

வேரை அறுக்காமல் அளக்கும் பழக்கம் 2018இல் ஓர் எதிர்பாராத பயனைத் தந்தது. மெக்சிகோவின் ஓவஹாகா மாநிலத்து மலைகளில் மிஹே மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவரும் மக்காச்சோளம் ஒன்று, சத்துக் குறைந்த மண்ணிலும் ஓங்கி வளர்கிறது. தண்டின் கணுக்களில் தொங்கும் காற்றுவேர்களிலிருந்து அடர்ந்த பசைக்கூழ் வழிகிறது. சர்க்கரை மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த அந்தக் கூழுக்குள் தழைச்சத்தை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆய்வாளர்கள் தோதோந்தேபெக் ஊரின் வயல்களிலேயே பல பருவங்கள் அளந்து, பயிரின் தழைச்சத்தில் 29 முதல் 82 விழுக்காடு காற்றிலிருந்து வந்ததாகக் கணித்தார்கள். இந்த ரகத்தைத் தலைமுறைகளாகக் காத்துவந்த அவ்வூர் மக்களோடு பயன்பகிர்வு ஒப்பந்தமும் செய்யப்பட்டது. அந்தக் காற்றுவேர்ப் பண்பை மற்ற மக்காச்சோள ரகங்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சி இப்போது நடந்துவருகிறது.