‘நார்மல்’ என்றால் நோய் இல்லையா? நாம் அடிக்கடி தவறவிடும் 6 மருத்துவ உண்மைகள்

சிம்பாங் அம்பாட் – இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பலர் தேடுவது ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லைத்தான். அது இருந்தால் அறிக்கை அலமாரிக்குள் போய்விடும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரானாலும், பத்து காவான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவரானாலும், கீழ்க்காணும் ஆறு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

1. நம் நாட்டில் எல்லை 6.3

இனிப்பு நீர் நோயைக் கண்டறியும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு இணையத்தில் தேடினால் 6.5 விழுக்காடு என்றே வரும். மலேசிய சுகாதார அமைச்சின் 2020 வழிகாட்டியில் அந்த எல்லை 6.3. ஆகவே 6.4 வந்தவர் "இன்னும் வரவில்லை" என்று நிம்மதி அடையக்கூடாது. 5.7 முதல் 6.2 வரை நோய்க்கு முந்திய நிலை. காலையில் பசியாறாமல் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது நீரிழிவுதான். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மறுபடியும் ஒருமுறை பரிசோதித்து உறுதிசெய்வார்கள்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019 தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடு. ஆனால் நோய் உள்ள ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

2. எச்பிஏ1சி எண்ணும் ஏமாற்றலாம்

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்துதான் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்கிறார்கள். சிவப்பணு சீக்கிரமே அழிந்தால் எண் குறைவாக வரும். இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் சில வகை தலசீமியா உள்ளவருக்கும் எண் சரியாக வராமல் போகலாம். மாறாக, இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவருக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை தொடங்கப்பட்டது. வீட்டில் ஒருவர் அதன் கடத்தி என்று தெரிந்தால், இரத்த உறவினர் அனைவரும் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும்.

3. கிரியேட்டினின் தாமதமாகத்தான் பேசும்

சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு குறையும்வரை கிரியேட்டினின் எண் இயல்பாகவே இருக்கக்கூடும். தசை குறைந்த முதியவர்களிடம் இது இன்னும் ஏமாற்றும். அறிக்கையில் ‘இஜிஎப்ஆர்’ என்ற வரியையும் பாருங்கள். அது மூன்று மாதத்திற்கு மேல் 60-க்குக் கீழ் இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். அதற்கும் முன்பே சிறுநீரில் அல்புமின் புரதம் கசியத் தொடங்கும். நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும். டயாலிசிஸ் வரை போகாமல் தடுக்க வாய்ப்பு அதிகம் உள்ள கட்டம் அதுதான்.

4. டிங்கியில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். "சரியாகிவிட்டது" என்று பலர் வேலைக்குத் திரும்புவதும் அப்போதுதான். ஆனால் அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமோல் போதும். ஆஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

5. எல்லா மஞ்சள் காமாலையும் ஒன்றல்ல

எலிச் சிறுநீர் கலந்த நீர், சேறு வழியாகப் பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் கிருமி, காலில் உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியே உடலுக்குள் புகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவற்றோடு தொடங்கும். முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். கீழாநெல்லி கொடுத்துக் காத்திருந்தால் ஆன்டிபயோட்டிக் தொடங்கவேண்டிய நாள்கள் வீணாகும். "தோட்டத்தில் வேலை செய்கிறேன்", "வெள்ளத்தில் நடந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

6. புழுங்கல் அரிசி: பாதி உண்மை

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் சுரங்கத் தொழிலாளர்களைப் பெருமளவில் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களுக்கு அது வந்தது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு வரவில்லை என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிரேடன் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்குவதே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் புழுங்கல் அரிசியும் மாவுச்சத்துதான். தட்டில் குவித்தால் சர்க்கரை ஏறும்.

எங்கே பரிசோதிப்பது?

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் மிகக் குறைவு. அரசு உதவித்தொகை பெறும் பி40 குடும்பத்தினர் 40 வயது முதல் ‘பெக்கா பி40’ திட்டத்தின்வழி இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பழைய அறிக்கைகளை எறியாமல் ஒரே கோப்பில் வையுங்கள். ஓர் எண் இயல்பு எல்லைக்குள் இருந்தாலும், ஆண்டுதோறும் அது மாறிவருகிறதா என்பதை டாக்டர் அதில்தான் பார்க்கமுடியும். இங்கே சொன்னவை பொது விளக்கமே; மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டரைக் கேட்ட பின்னரே.