தலையணைக்குப் பூவேலை செய்யாதவர்

1927இல் வேலை கேட்டு வந்த சார்லோட் பெரியாணிடம், இங்கே யாரும் தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சி ஒன்றில் பெரியாண் வடிவமைத்த உலோக மதுக்கூடத்தைப் பார்த்த பிறகு அவரே வேலைக்கு அழைத்தார். பத்தாண்டுகள் அங்கே உழைத்தார் பெரியாண். 1928இல் உருவான எஃகுக்குழாய்ச் சாய்விருக்கை அவர் கைபட்டது. ஆனாலும் நெடுங்காலம் அது 'லெ கொர்பூசியே இருக்கை'தான். (பியர் ஜன்னரேயின் பெயரும் சேர்ந்தே மறைந்தது.)

1940 ஜூனில், ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்த மறுநாள், மார்செய் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறினார். கைவினைப் பொருள்களை ஏற்றுமதிக்கு ஏற்றபடி வடிவமைக்க ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது ஜப்பானிய அரசின் அழைப்பு. அது போர்வெறியில் இருந்த அரசு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அங்கே அவரைப் பிடித்து நிறுத்தியவை வீடுகள். பாயின் அளவே அறையின் அளவு. சுவரை நகர்த்தினால் தோட்டம் உள்ளே வந்துவிடும். கியோட்டோவின் ஷுகாகுயின் மாளிகையில், மூடுபனி அடுக்குகள்போல் ஏறி இறங்கும் சுவர்த்தட்டுகளைக் கண்டார். பின்னாளில் அவை அவருடைய 'மேகம்' புத்தக அலமாரியாயின.

எஃகு இருக்கையை மூங்கிலில் மறுபடி செய்து பார்த்தார். வளைத்தால் முறியாமல் துள்ளும் மூங்கில், எஃகு செய்த வேலையைச் செய்தது. 1941இல் அதைக் காட்சிக்கு வைத்தார். அந்த இருக்கை இன்று பெரியாணின் பெயரால் அறியப்படுகிறது, நியாயம்தான். மூங்கிலைப் பிளந்து வளைத்தவர்கள் யார்? தன் பெயரை மீட்கப் போராட வேண்டியிருந்த ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்லும்போது இந்தக் கேள்வியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

போர் அவரை இந்தோசீனாவில் நிறுத்தியது. அங்கே மகள் பிறந்தாள். 1946இல்தான் பிரான்ஸ் திரும்பினார்.

பிறகு மார்செயில் லெ கொர்பூசியே கட்டிய பெருங்குடியிருப்புக்குச் சமையலறை வடிவமைத்தார். சுவருக்குப் பதில் இடுப்பளவு மேடை. இருபக்கமும் திறக்கும் அலமாரி. சமைப்பவள் உண்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம், தட்டைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நிற்பது அவள்தான் என்பதை அந்த மேடை மாற்றவில்லை. ஆனால் அவள் இப்போது எல்லோர் கண்ணிலும் பட்டாள்.