படலையடியில் வாங்கின காசு

எங்கட சித்தப்பா ஓட்டோ ஓடுறவர். சண்டை முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசத்தில ஒரு காப்புறுதி அண்ணை வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேட், நீட்டுக் கை, மோட்டச்சைக்கிளில ஒரு தோல் பை. தூரத்துச் சொந்தம் வேற. பிள்ளையின்ர படிப்புக்கு எண்டு சொல்லி ஒரு ஆயுள் காப்புறுதி போட்டுக் குடுத்தார். மாதம் ஒருக்கா படலையடியில மோட்டச்சைக்கிள் நிக்கும். சித்தப்பா இல்லாட்டி அம்மம்மா காசைக் குடுப்பா, அவர் ஒரு கொப்பியில எழுதிக் கையெழுத்து வைப்பார். ரெண்டு வருசத்துக்குப் பிறகு கம்பனிக் கந்தோருக்குப் போய்க் கேட்டால், ஏழாம் மாதத்தோட கட்டுப்பணம் நிண்டுபோச்சாம், காப்புறுதி காலாவதியாம். அண்ணையைத் தேடினால் அவர் அப்ப வேற கம்பனியில. அதே தோல் பை, வேற ரை.

இந்தக் கதை உங்கட வீட்டிலயும் இருக்கலாம். நான் கேக்க விரும்பினது ஒரு கேள்விதான்: அந்த அண்ணையைத் தண்டிக்க வேண்டியது ஆர்? அவரை வேலைக்கு வச்ச கம்பனியோ, அரசாங்கமோ, நீதிமன்றமோ? தேடிப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு 150 வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. அது தொடங்குறது அமெரிக்காவில.

1866இல் வேர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வேறு மாநிலத்துக் காப்புறுதிக் கம்பனிகள் அங்கே வியாபாரம் செய்வதானால் ஒரு தொகைக்கு முறிகளை வைப்பிலிட வேண்டும். அவற்றின் முகவர்கள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பீற்றர்ஸ்பேர்க் நகரத்துச் சாமுவேல் போல், நியூயோர்க் கம்பனிகளுக்காகத் தீக்காப்புறுதி விற்றவர். கம்பனிகள் வைப்பு வைக்கவில்லை, ஆகவே அவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. ஆனாலும் விற்றார். 50 டொலர் தண்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் மாநிலம் தலையிட முடியாது என்பது அவர் பக்க வாதம். 1869இல் நீதிமன்றம் சொன்னது: காப்புறுதிப் பத்திரம் வழங்குவது வணிகமே அல்ல, அது இரண்டு பேருக்கிடையிலான ஒப்பந்தம், மாநிலம் தாராளமாக ஒழுங்குபடுத்தலாம். 1944இல் அதே நீதிமன்றம் இந்த நிலைப்பாட்டை மாற்றியது. ஆனால் அடுத்த வருசமே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் அந்த அதிகாரத்தைத் திரும்ப மாநிலங்களிடம் கொடுத்தது. அதனால்தான் இன்றைக்கும் அங்கே ஒரு முகவரின் அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பது மாநிலத்துக் காப்புறுதி ஆணையாளர். பல மாநிலங்களில் யாருக்கு என்ன தண்டம், என்ன காரணம் என்பதைப் பெயரோடு பகிரங்கமாகவே போடுகிறார்கள். 50 டொலர் வழக்கொண்டு இவ்வளவு தூரம் இழுத்திருக்கு.

அமெரிக்கக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் எலிசூர் ரைட். கணித ஆசிரியர், அடிமை ஒழிப்பு இயக்கக்காரர். 1844இல் லண்டன் போனபோது, கட்டுப்பணம் கட்ட முடியாமற்போன கிழவர்களின் ஆயுள் காப்புறுதிகள் ஏலத்தில் போவதைக் கண்டார். வாங்குகிறவனுக்கு லாபம் அந்தக் கிழவர் கெதியாகச் செத்தால்தான். அடிமைச் சந்தை அவருக்கு ஞாபகம் வந்ததாம். 1858இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் காப்புறுதி ஆணையாளர்களில் ஒருவரானார். 1861இல் அங்கே வந்த சட்டம், கட்டுப்பணம் நின்றுபோனாலும் அதுவரை கட்டின காசின் பெறுமதி முழுக்கப் பறிபோகக்கூடாது என்றது. சித்தப்பாவின் ஏழு மாதத்துக்கு அந்தச் சட்டமும் பெரிதாக உதவியிருக்காது; முதல் வருசத்துக் கட்டுப்பணத்தில் பெறுமதி எண்டு சேர்வது மிகக் குறைவு.

ஏன் குறைவு? அங்கேதான் முகவரின் பிரச்சினையே கிடக்கு. ஆயுள் காப்புறுதியில் தரகுப்பணம் முன்னுக்கே குவியும். இந்தியாவின் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில், 1950இல் சேர்த்த பிரிவொன்று உச்ச வரம்பு வைத்தது: முதல் வருசக் கட்டுப்பணத்தில் நூற்றுக்கு 35, இரண்டாம் மூன்றாம் வருசங்களில் 7.5, பிறகு 5. இது கட்டுப்படுத்தின கணக்கு. கட்டுப்படுத்தியே 35 என்றால் அதற்கு முந்தின நிலைமையை யோசியுங்கோ. பழைய ஆளிடம் மாதாமாதம் போய்க் காசு வாங்கி ஐந்து வீதம் எடுப்பதைவிட, அவரின் பழைய காப்புறுதியைக் கைவிட வைத்துப் புதிசொன்று போடுவது எவ்வளவோ லாபம். அமெரிக்கர்கள் இதை 'முறுக்குதல்' என்று அழைத்தார்கள். இன்னொரு வழி, தன் தரகுப்பணத்தில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்கே கொடுத்து இழுப்பது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பக்கத்துவீட்டுக்காரர் அதே காப்புறுதிக்கு முழுக்காசு கட்டுவார், கழிவுக்காகச் சேர்ந்த ஆள் அடுத்த வருசம் விட்டிட்டுப் போவார். இந்தியச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தடைசெய்கிறது. கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கினவரும் குற்றவாளி. தண்டம் பல பத்தாண்டுகளாக 500 ரூபாய். 2015 திருத்தத்தோடுதான் அது பத்து லட்சம் வரை போனது.

1905இல் நியூயோர்க்கில் ஆம்ஸ்ட்ரோங் குழுவின் விசாரணை நடந்தது. சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்ற சட்டத்தரணி கேள்விமேல் கேள்வி கேட்டார். அந்தப் புகழோடு அடுத்த வருசமே ஆளுநர் தேர்தலில் வென்றார். பெரிய கம்பனிகள் அரசியல்வாதிகளுக்குக் காசு கொடுத்ததும் புதிய வியாபாரம் பிடிக்கக் கணக்கில்லாமல் செலவழித்ததும் வெளிவந்தன. 1906 சட்டங்கள் புதிய வியாபாரத்துக்கான செலவுக்கே எல்லை வைத்தன. எனக்கு இது முக்கியமாகப் படுது. அதுவரை 'கெட்ட முகவர்' என்று தனித்தனி ஆட்களைக் காட்டிக்கொண்டிருந்த கம்பனிகள், தாங்கள்தான் அந்த ஆட்களை ஓட விட்டவை என்பதைச் சாட்சிக்கூண்டில் நின்று சொல்ல வேண்டி வந்தது.

இனி இலங்கைக்கு வருவம். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962 ஜனவரி முதல் புதிய ஆயுள் காப்புறுதி அரசின் ஏகபோகம். 1964இல் மற்றக் காப்புறுதிகளும். 1962இலேயே காப்புறுதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது, கட்டுப்பாட்டாளர் என்றொரு பதவியும் வந்தது. ஆனால் முழுச் சந்தையும் அரசின் கையிலிருக்கும்போது கட்டுப்பாட்டாளருக்கு என்ன பெரிய வேலை? முகவருக்கும் பாய்ந்துபோக இன்னொரு கம்பனி இல்லை. எண்பதுகளின் நடுவில் சட்டம் திருத்தி, 1988அளவில் தனியார் கம்பனிகள் இறங்கியபோதுதான் போட்டி திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்தப் போட்டி அப்ப வரேல்லை. எங்களுக்கு வந்தது வேற. 1990இல் திரும்பச் சண்டை, 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு. தென்மராட்சிக்கு நடந்து போன சனத்தின்ர பையளில நகையும் உறுதியும் இருந்தது எண்டு அம்மம்மா சொல்லுவா. கட்டுப்பணம் கட்டுறதைப் பற்றி ஆர் நினைச்சது?

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தோடு இலங்கைக் காப்புறுதிச் சபை உருவானது. 2001 மார்ச்சிலிருந்து வேலை தொடங்கினது. 2017இல் அதன் பெயர் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று மாறியது. கந்தோர் கொழும்பில், உலக வர்த்தக மையத்தில். இந்தச் சட்டத்தில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. தரகர் கம்பனிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாகப் பதிய வேண்டும். முகவரோ, தன்னைச் சேர்த்த காப்புறுதிக் கம்பனியிடமோ தரகரிடமோதான் பதிவு. அதாவது படலைக்கு வாறவருக்கும் அரசுக்கும் நடுவில கம்பனி நிக்குது. விற்றால் லாபம் எடுக்கிற அதே கம்பனிதான் முதல் விசாரணையும் செய்யும். வேலையை விட்டுத் தூக்கினால், அது தண்டனையோ அல்லது வெறும் இடமாற்றமோ எண்டது அடுத்த கம்பனி என்ன கேட்கிறது என்பதில் இருக்கு.

இந்தியாவும் 2015க்குப் பிறகு முகவரை நியமிக்கும் வேலையைக் கம்பனிகளிடமே விட்டது. ஆனால் 2016 விதிகளில் ஒரு பூட்டு வைத்தது: தடைசெய்யப்பட்ட முகவர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல். அதில் பெயர் ஏறினவரை வேறு கம்பனியும் எடுக்கக்கூடாது.

சரி, முகவரைத் தண்டிச்சாச்சு. காசு கட்டினவருக்கு என்ன? 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நெஞ்சை அறுக்கும். எல்ஐசியில் காப்பீடு எடுத்த ஒருவர், தவணை தாண்டிய கட்டுப்பணம் 2,730 ரூபாயை 1987 ஜூனில் முகவரிடம் காசோலையாகக் கொடுத்தார். காசோலை மறுநாளே மாற்றப்பட்டது. காசு எல்ஐசியில் கட்டப்பட்டது ஓகஸ்ட் 10. அவர் விபத்தில் இறந்தது ஓகஸ்ட் 9. ஒரே ஒரு நாள். முகவருக்குக் கட்டுப்பணம் வாங்கும் அதிகாரம் இல்லை என்று 1972 விதிகளிலேயே எழுதியிருக்கிறது, ஆகவே முகவரிடம் கொடுத்தது எல்ஐசிக்குக் கொடுத்ததாகாது என்றது நீதிமன்றம். சட்டப்படி சரியாயிருக்கலாம். ஆனால் படலையில காசு குடுக்கிற அம்மம்மா அரசிதழ் பார்த்தோ குடுக்கிறவ?

2009க்குப் பிறகு ஏ9 வழியாக வந்த லீசிங், நுண்கடன், காப்புறுதி எல்லாத்துக்கும் தேவைப்பட்டது அந்த உறவுமுறைதான். ஊர்ப் பெடியனையே முகவராக்கினால் கதவு தானாகத் திறக்கும். இலக்கு எட்டாட்டி அவனுக்கும் வருமானமில்லை. முதல்ல தன்ர சொந்தக்காரருக்கு விற்பான், பிறகு ஊருக்கு, பிறகு விற்க ஆளில்லை. ஸ்காபரோவில இருக்கிற என்ர மச்சானும் இதே வழியாலதான் போனவர். ஆனால் ஒன்ராறியோவில பரீட்சை எழுதி மாகாணத்திட்ட அனுமதிப்பத்திரம் எடுக்க வேணும், பிழை விட்டால் அங்கத்தைய ஒழுங்குபடுத்தும் ஆணையம் பெயரோட இணையத்தில போடும். 'அந்தப் பக்கத்தை மாமியவை பாத்தால் என்ர கதை முடிஞ்சுது' எண்டு சிரிக்கிறார்.

சித்தப்பா கம்பனிக்கு எழுதினவர். பதில் வந்தது, ஒரு பக்கம்: குறிப்பிட்ட முகவர் தற்போது எங்களிடம் பணியாற்றவில்லை. ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்டயும் போகலாம் எண்டு எங்களுக்கு அப்ப தெரியாது. நான் இதை எழுதுறதுக்காக அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினன். பதினேழு கையெழுத்து இருக்கு. ஒண்டிலயும் கம்பனியின்ர முத்திரை இல்லை.