கோடு கிழித்தால் போதுமா?

கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு பெரிய வம்சத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு வக்கீல் என்றால் நம்புவீர்களா? சார்லஸ் கோல்ட்ஃபார்ப் என்ற அமெரிக்கர் அவர். 1969-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வக்கீல் ஆபீஸ் தஸ்தாவேஜுகளை யந்திரத்தில் ஏற்றும் வேலையில் இருந்தார். தஸ்தாவேஜைத் திருத்த ஒரு புரோகிராம், தேடி எடுக்க ஒன்று, அச்சுக்கு அடுக்க ஒன்று. ஒன்றின் குறி மற்றதற்குப் புரியவில்லை. மோஷர், லோரி என்ற இரு சகாக்களுடன் சேர்ந்து அவர் ஒரு வழி கண்டார். ‘இது தலைப்பு, இது பாரா’ என்று விஷயத்துக்கே பெயர் சூட்டிவிடுவது என்பதுதான் அது.

அந்த வம்சத்தில் 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். பிறந்தது. அதன் எளிய வாரிசாக 1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். வந்தது. பெயர் வைக்கும் உரிமை இனி யாருக்கும் உண்டு. அப்புறம் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கம்பெனி ‘வாடிக்கையாளர்’ என்று எழுதியதை இன்னொரு கம்பெனி ‘வாங்குபவர்’ என்று எழுதிற்று. எந்தப் பெயருக்குள் எது அடங்கும் என்று வகுக்கும் அமைப்புக்கு ‘ஸ்கீமா’ என்று பெயர். ஒரு ஸ்கீமாவில் வந்த சரக்குப் பட்டியலை மற்றொரு ஸ்கீமாவுக்கு மாற்றித் தர ஒரு துபாஷி தேவைப்பட்டான். ஜேம்ஸ் கிளார்க் பதிப்பாசிரியராக இருந்து, 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற மொழிதான் அந்தத் துபாஷி.

அந்த மொழியைக் கையால் எழுதுவது லேசான காரியமல்ல. ஆகவே மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் போன்ற சாதனங்கள் வந்தன. திரையில் இடப்பக்கம் ஒரு ஸ்கீமா, வலப்பக்கம் மற்றொன்று. நடுவே நாம் கோடு கிழித்தால் போதும். துபாஷியின் வாசகத்தை யந்திரமே எழுதிவிடும்.

கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடு எதைச் சொல்கிறது? ‘இது அங்கே போக வேண்டும்’ என்கிறது. எத்தனை தடவை போக வேண்டும் என்று சொல்லவில்லை. யந்திரம் ஊகிக்கிறது. ஒரு ஆர்டரில் பத்துச் சாமான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒவ்வொன்றாக எடு’ என்ற கட்டளையை எழுதாமல், ‘மதிப்பைக் கொடு’ என்று மட்டும் யந்திரம் எழுதிவிட்டால், 1999-ஆம் ஆண்டு விதிப்படி முதல் சாமான் மட்டுமே போய்ச் சேரும். மற்ற ஒன்பதும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். தவறு நேர்ந்தது என்று ஒரு எச்சரிக்கைகூட வராது. 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பிலோ, அதே கட்டளை பத்தையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் கோத்துத் தரும். இரண்டுமே நாம் கேட்டதல்ல!

சரி, யந்திரம் எழுதியதை நாமே திருத்தினால் என்ன? திருத்தலாம். ஆனால் மறுநாள் யாராவது ஒரு கோட்டை மாற்றி, வாசகத்தைப் புதிதாக எழுதச் சொன்னால், நம் திருத்தம் அழிந்து போகும். இதை உணர்ந்துதான் பிஸ்டாக் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது. கோடுகளின் நடுவே ஓர் இடத்தில் மட்டும் நம் கைப்பட எழுதிச் செருகுவது ஒன்று. முழு வாசகத்தையும் தனிக் கோப்பில் எழுதி, அதையே பின்பற்றச் சொல்வது மற்றொன்று. இரண்டாவது கதவுக்கு விலை அதிகம். அதன் வழியே போனால் திரையிலுள்ள கோடுகள் வெறும் சித்திரமாகிவிடும். பின்னால் வருகிறவர் அந்தச் சித்திரத்தை நம்பி ஏமாறவும் கூடும்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 1957-இல் ஜான் பாக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரானைக் கொண்டு வந்தபோதும், யந்திரம் எழுதும் கட்டளை மனிதன் எழுதுவதற்கு ஈடாகுமா என்று பலர் ஐயுற்றார்கள். வேகத்தில் அது ஈடு கொடுத்தது, அதனால் நிலைத்தது. இங்கே கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல, அர்த்தத்தைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில், சின்ன இடத்தில் மட்டும் கை வைக்கும் முதல் கதவே உத்தமமானது. எழுதும் உழைப்பை யந்திரத்திடம் தாராளமாக விட்டுவிடலாம். எழுதியதைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை விடுவதற்கில்லை. பத்துச் சாமானுக்குப் பணம் கட்டியவன், ஒன்று மட்டும் வந்து சேர்ந்தால், கோட்டைப் பார்த்தா கேள்வி கேட்பான்?