நீதிபதி யாரென்று தெரியாத பிள்ளைகள்

தாயின் மரணம் பற்றிச் சாட்சி சொல்ல வந்த இரண்டு பிள்ளைகளை விசாரணை நீதிமன்றம் ஒன்று திருப்பி அனுப்பியது. தமிழ்நாட்டில் நடந்ததுதான். நீதிபதி யார், வக்கீல்கள் யார் என்று அடையாளம் காட்ட அவர்களுக்குத் தெரியவில்லையாம். ஆகவே சாட்சி சொல்லத் தகுதியில்லையாம். சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை, பிள்ளைகளின் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் டெல்லி வரை போனார். 2019-இல் உச்ச நீதிமன்றமும் பிள்ளைகள் பக்கமே நின்றது. கறுப்பு அங்கி போட்டவர் யாரென்று தெரிவதற்கும் வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்தில் இப்படி ஒரு தேர்வு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1872-இன் இந்திய சாட்சியச் சட்டம் 118-ஆம் பிரிவு வயது வரம்பு எதையும் போடவில்லை. கேட்கும் கேள்வி புரிந்து, அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் போதும். வெள்ளைக்காரன் நாட்டில் 1779-லேயே வயது முக்கியமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் சத்தியப் பிரமாணத்தின் பொருள் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த முடிச்சை இங்கே 1951-இல் ராமேஷ்வர் வழக்கு அவிழ்த்தது. ராஜஸ்தானின் எட்டு வயதுச் சிறுமி பிரமாணம் எடுக்காமல் சொன்ன சாட்சியம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1969-இன் பிரமாணச் சட்டமும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. இப்போதைய பாரதிய சாட்சிய அதிநியத்தில் இதே விதி 124-ஆம் பிரிவாக இருக்கிறது.

'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்பது வக்கீல்களின் பழைய ஆயுதம். அதை வெறும் தந்திரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கியது. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பி, பதிலையும் உள்ளே வைத்துக் கேட்டுப் பிள்ளைகளிடம் கதை கறந்தார்கள். 1990-இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் அது முடிந்தது. சாதி கடந்து காதலித்த நம் பையன்கள் மீது போக்சோ பாய்கிறது. பெண்ணின் வாக்குமூலத்தை வீட்டார் எழுதிக் கொடுக்கிறார்கள். எனவே எச்சரிக்கை நமக்கும் வேண்டியதுதான். ஆனால் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாயைத் தந்தை கொன்றதைப் பார்த்த ஏழு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தள்ளியிருந்தது. வாக்குமூலம் தாமதமானது என்பதற்காக மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது என்று தண்டனையை மீட்டது உச்ச நீதிமன்றம்.

நம்மவர் விஷயத்தில் வயதா பிரச்சனை? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிந்த 44 பேரில் 23 பேர் குழந்தைகள். உயிர் தப்பிய பெரியவர்கள் வந்து சொன்னார்கள். பணமும் நிலமும் காரும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று 1973-இல் உயர் நீதிமன்றம் சந்தேகப்பட்டது, விடுதலை செய்தது. வாச்சாத்தியில் 1992-இல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களில் பள்ளி மாணவிகளும் உண்டு. தீர்ப்பு வந்தது 2011-இல். பாவாடை சட்டையில் இருந்த சிறுமிகள் அதற்குள் நடுவயதை நெருங்கிவிட்டார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களில் இருளர் குடும்பங்கள் அதிகம். 2011-இல் ஒரே சூளையிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசா தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். மேஸ்திரி அப்பாவை அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பச்சைக் கல் திருப்பிப் போடும் பிள்ளைதான். அதைக் கூண்டில் நிறுத்தி "எத்தனையாவது படிக்கிறாய், உன் டீச்சர் பேர் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்லும்? பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளைக்கு முதல் கேள்வியே சுவர். கல் எண்ணத் தெரியுமா என்று கேட்டிருந்தால் நீதிமன்றமே அசந்திருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பகுதியில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை ஊரே அறியும். கேமரா பதிவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லும் சுமை எப்போதும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

2012-இன் போக்சோ சட்டத்தில் அந்தச் சுமையைக் குறைக்க வழி இருக்கிறது. 33-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேட்கக் கூடாது. கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்க வேண்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. 36-ஆம் பிரிவு, சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்கிறது. 35-இன்படி வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் சாட்சியம் பதிவாக வேண்டும். தாமதமானால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். பிள்ளை பேசுவது ஒடியாவோ இந்தியோ தெலுங்கோ, மொழிபெயர்ப்பாளர் வைக்க 38-ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கோடு போகும் தோழர்கள் முதல் வாய்தாவிலேயே இந்த நான்கு பிரிவுகளையும் எண் சொல்லி மனுவாகக் கொடுங்கள். வாயால் கேட்டால் பதிவில் நிற்காது.