அமெரிக்காவின் உள்ளூர்ப் பணியாளர் மேம்பாட்டு வாரியங்கள்

வேலை தேடுவோருக்கும் தொழிற்பயிற்சிக்கும் அமெரிக்க நடுவண் அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தை அந்தந்த வட்டாரத்தில் எப்படிச் செலவிடுவது என்று திட்டமிட்டு, அந்தச் செலவைக் கண்காணிக்கும் குழுவே உள்ளூர்ப் பணியாளர் மேம்பாட்டு வாரியம். நாடு முழுவதும் இத்தகைய வாரியங்கள் 500-க்கும் மேல் உள்ளன. பெரும்பாலான வாரியங்கள் ஒரு பெருநகரையோ மாவட்டம் போன்ற சில கவுண்டிகளையோ எல்லையாகக் கொண்டவை. வயோமிங், வெர்மான்ட் போன்ற மக்கள் தொகை குறைந்த மாநிலங்களில் மாநில வாரியமே உள்ளூர் வாரியத்தின் வேலையையும் பார்க்கிறது. வாரியங்களின் இன்றைய கடமைகளை 2014-ஆம் ஆண்டின் பணியாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம் வகுத்துள்ளது.

வேலையில்லாதவருக்கு என்ன பயிற்சி தருவது என்பதை யார் முடிவு செய்வது? வாஷிங்டனில் இருக்கும் அதிகாரியா, மாநில ஆளுநரா, ஊர் மேயரா, ஆள் எடுக்கும் முதலாளியா? இந்தக் கேள்விக்கு தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கா மாறி மாறிச் சொன்ன விடைகளே வாரியங்களின் வரலாறு.

தொடக்கம்: 1933 முதல் 1962 வரை

பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1933-இல், அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வாக்னர்–பைசர் சட்டம் வந்தது. மாநிலங்கள் நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு நடுவண் அரசு நிதி கொடுக்கத் தொடங்கியது இச்சட்டத்தின் வழியாகத்தான். முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் அமரும் ஆலோசனைக் குழுக்களை அமைக்கவும் இது வழி செய்தது. வேலைவாய்ப்பு விவகாரத்தில் அதிகாரிகளோடு ஊராரும் தொழில் துறையினரும் உட்கார வேண்டும் என்ற எண்ணத்தின் முதல் வித்து அது. ஆனால் அக்குழுக்கள் கருத்துச் சொல்லலாமே தவிர, பணத்தின் மீது அவற்றுக்கு எந்த உரிமையும் இல்லை.

தானியங்கி இயந்திரங்கள் வேலைகளைப் பறித்துவிடும் என்ற அச்சம் 1960-களின் தொடக்கத்தில் பரவியது. அதற்கு மறுமொழியாக, ஜான் கென்னடி 1962 மார்ச்சில் மனிதவள மேம்பாட்டுப் பயிற்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையிழந்தவருக்கு மறுபயிற்சி அளிப்பது நடுவண் அரசின் பொறுப்பு என்பது இச்சட்டத்தோடு உறுதியானது. 1964-இல் லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் சேர்ந்தன. ஏழை இளைஞர்களைத் தங்கவைத்துத் தொழில் கற்பிக்கும் ஜாப் கோர் பிறந்தது அப்போதுதான். திட்டங்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி விதி, தனி ஒப்பந்தம். ஒரே ஊரில் ஒரே இளைஞருக்காகப் பல திட்டங்கள் ஒன்றையொன்று அறியாமல் இயங்கின.

மேயர்களின் கைக்கு: 1973

அந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக, ரிச்சர்ட் நிக்சன் 1973 டிசம்பரில் முழுமையான வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘சீட்டா’ என்ற சுருக்கப் பெயரால் இது அறியப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களும் கவுண்டிகளும் நேரடியாக நிதி பெற்றுத் தாமே திட்டமிடலாம் என்றது சட்டம். திட்டக் குழு ஒன்றை அமைப்பது கட்டாயம் என்றாலும், கடைசிச் சொல் மேயருடையதாகவே இருந்தது.

சீட்டாவின் பெரும் பணம் பொதுத்துறை வேலைகளுக்குச் சென்றது. உச்சமாக, 1978-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகராட்சிகளிலும் பள்ளிகளிலும் தொண்டு அமைப்புகளிலும் இத்திட்டத்தில் சம்பளம் பெற்றனர். வேலையின்றி இருந்த பல குடும்பங்களுக்கு அது வாழ்வு தந்தது. ஆனால் சில நகராட்சிகள் தம் வழக்கமான ஊழியர்களுக்கான செலவையே நடுவண் பணத்துக்கு மாற்றிவிட்டன. முறைகேட்டுச் செய்திகளும் தொடர்ந்து வெளிவந்ததால் திட்டத்தின் நற்பெயர் கெட்டது.

தொழில் மன்றங்கள்: 1978–1998

தனியார் துறையைப் பொறுப்பில் சேர்க்காமல் நிலையான வேலை கிடைக்காது என்ற கருத்து வலுப்பெற்றது. ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில், 1978-இல், சீட்டா திருத்தப்பட்டபோது தனியார் தொழில் மன்றங்கள் தோன்றின. இன்றைய வாரியங்களின் நேரடி மூதாதை இவையே.

1982 அக்டோபரில் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட வேலைப் பயிற்சிப் பங்காண்மைச் சட்டம் சீட்டாவின் இடத்தைப் பிடித்தது. குடியரசுக் கட்சியின் டான் குவேலும் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் செனட்டில் இணைந்து முன்னெடுத்த சட்டம் அது. பொதுத்துறை வேலைத் திட்டத்தை அடியோடு நிறுத்தி, பணத்தைப் பயிற்சிக்குத் திருப்பியது. ஒவ்வொரு சேவைப் பகுதிக்கும் ஒரு தொழில் மன்றம் கட்டாயமானது. அதில் பெரும்பான்மையினரும் தலைவரும் தொழில் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஊரின் திட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் மன்றமும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல்முறையாக மன்றத்துக்கு உண்மையான அதிகாரம் கிடைத்தது.

பாஸ்டன் தொழில் மன்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1982-இல் நகரின் பள்ளிகளும் நிறுவனங்களும் ‘பாஸ்டன் உடன்பாடு’ செய்துகொண்டன. பள்ளிகள் தேர்ச்சியையும் வருகையையும் உயர்த்துவதாகவும், நிறுவனங்கள் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு வேலை தருவதாகவும் வாக்களித்தன. இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தி, வாக்கு காக்கப்படுகிறதா என்று தொடர்ந்து கவனித்தது மன்றம். நடுவண் சட்டங்கள் பலமுறை மாறிய பிறகும், அந்த மன்றமே பாஸ்டனின் பணியாளர் வாரியமாக இன்றும் பழைய பெயரிலேயே இயங்குகிறது.

எல்லா இடத்திலும் நிலைமை இப்படி இல்லை. வேலை கிடைத்தோர் எண்ணிக்கையைக் கொண்டு திட்டங்கள் மதிப்பிடப்பட்டதால், எப்படியும் வேலை பெற்றுவிடக்கூடியவர்களையே சில இடங்களில் தேர்ந்தெடுத்தனர். மிகவும் பின்தங்கியவர்கள் வெளியே நின்றனர். 16 பகுதிகளில் ஏறக்குறைய 20,000 விண்ணப்பதாரர்களை வைத்து நடந்த தேசிய ஆய்வில், பெரியவர்களின் வருமானம் ஓரளவு கூடியதும், இளைஞர்களுக்குப் பலன் தென்படாததும் தெரியவந்தன. இளைஞர் பயிற்சிக்கான நிதி பின்னர் பெருமளவில் வெட்டப்பட்டது.

ஒரே கூரையின் கீழ்: 1998

1998 ஆகஸ்டில் பில் கிளின்டன் கையெழுத்திட்ட பணியாளர் முதலீட்டுச் சட்டம் மன்றங்களை வாரியங்களாக மாற்றியது. வேலை தேடுபவர் பல அலுவலகப் படிகளை ஏறி இறங்காமல், எல்லாச் சேவையையும் ஒரே மையத்தில் பெற வேண்டும் என்பது இதன் அடிப்படை. பயிற்சி தேவைப்படுவோருக்குத் தனிநபர் பயிற்சிக் கணக்கு அறிமுகமானது. மாநிலம் ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலிலிருந்து பயிற்சி பெறுபவரே படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டணத்தை வாரியம் செலுத்துகிறது. லாரி ஓட்டுநர் உரிமப் பயிற்சி, செவிலியர் உதவியாளர் படிப்பு, வெல்டிங் போன்ற குறுகிய காலப் படிப்புகள் இவ்வழியில் நடக்கின்றன.

வாரியமே பயிற்சி நடத்துவதற்குச் சட்டம் தடை விதித்தது. ஆளுநர் விலக்கு அளித்தால் மட்டுமே அது நடத்தலாம். பயிற்சியை விற்பவரும் அதைத் தேர்ந்தெடுக்கும் நடுவரும் ஒருவராகவே இருந்தால் பொதுப்பணத்துக்குக் காவல் இராது என்பதே காரணம்.

2014-ஆம் ஆண்டுச் சட்டம்

பணியாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம் செனட்டில் 95-க்கு 3, பிரதிநிதிகள் சபையில் 415-க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. 2014 ஜூலை 22 அன்று பராக் ஒபாமா கையெழுத்திட்டார். கட்சிப் பிளவு முற்றியிருந்த அந்நாட்களில் இத்தகைய ஒற்றுமை அரிது.

வாரிய உறுப்பினர்களை மேயரோ கவுண்டித் தலைவரோ நியமிக்கிறார். அவர்களில் பெரும்பான்மையினர் உள்ளூர்த் தொழில் நிறுவனங்களிலிருந்து வர வேண்டும், தலைவரும் அவர்களிலிருந்தே. குறைந்தது 20 விழுக்காட்டினர் தொழிற்சங்கங்கள், தொழில் பழகுநர் பயிற்சித் திட்டங்கள், சமூக அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள். முதியோர் கல்வி, சமுதாயக் கல்லூரி, பொருளாதார மேம்பாடு, அரசு வேலைவாய்ப்புச் சேவை, மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு ஆகிய துறைகளுக்கும் இடம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆளுநர் வாரியத்துக்குச் சான்று வழங்க வேண்டும்.

வாரியத்தின் கடமைகள்

சட்டம் 13 பணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றை ஐந்து கூறுகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, திட்டமிடல். வட்டாரத்தில் எந்தத் தொழில் வளர்கிறது, எது தேய்கிறது, எந்தத் திறன் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்து நான்காண்டுத் திட்டம் வகுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் அதைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, ஒருங்கிணைத்தல். கல்லூரிகள், நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், நலத்துறை ஆகியவற்றைச் சேர்த்து, தொடக்க நிலை வேலையிலிருந்து படிப்படியாக உயரும் தொழில் பாதைகளை உருவாக்க வேண்டும். நிறுவனம் தன்னிடம் சேர்ந்தவருக்கு வேலையிலேயே பயிற்சி தந்தால், அவருடைய கூலியில் பாதி வரையிலும், சில நிலைகளில் 75 விழுக்காடு வரையிலும் வாரியம் ஈடு செய்யலாம்.

மூன்றாவது, தேர்வு. எல்லாச் சேவையும் தரும் ஒரே மையத்தை நடத்துபவரைப் போட்டி முறையில் தேர்ந்தெடுப்பது, இளைஞர் சேவை அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்வது, பயிற்சி நிறுவனங்களை அடையாளம் காண்பது ஆகியவை இதில் அடங்கும்.

நான்காவது, நிதியும் கண்காணிப்பும். நிர்வாகச் செலவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இளைஞர் நிதியில் குறைந்தது 75 விழுக்காடு, பள்ளியை விட்டு வெளியேறிய 16 முதல் 24 வயதினருக்குச் செல்ல வேண்டும். பெரியவர்களுக்கான பயிற்சியில் அரசு உதவி பெறுவோர், குறைந்த வருமானத்தினர், எழுத்தறிவும் கணக்கும் போதாதோர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. திட்டத்திலிருந்து வெளியேறியவர் அதற்குப் பின்வரும் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா, என்ன சம்பளம் பெறுகிறார், சான்றிதழ் பெற்றாரா என்பன போன்ற இலக்குகளை ஆளுநரோடு பேசி முடிவு செய்வதும் வாரியத்தின் வேலையே.

ஐந்தாவது, அனைவருக்கும் வழி திறத்தல். மாற்றுத்திறனாளிகள் மையங்களுக்குள் தடையின்றி வரவும், அங்குள்ள சேவைகளைப் பயன்படுத்தவும் முடிகிறதா என்று ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். சேவைகள் தொலைவில் இருப்போரையும் எட்டத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும்.

இவற்றோடு, ஆலை மூடும்போது ஓடிச்சென்று உதவும் பொறுப்பும் உண்டு. 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் பெருமளவில் ஆட்குறைப்பு செய்யுமானால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறிவிப்பு வந்ததும் மாநில அதிகாரிகளும் வாரியத்தினரும் ஆலைக்கே சென்று, வேலையிழப்புக் காப்பீடு, மறுபயிற்சி, வேறு வேலை வாய்ப்புகள் பற்றித் தொழிலாளர்களுக்கு விளக்குகின்றனர்.

மாநிலத்துக்கு மாநிலம்

டெக்சாஸில் 28 வாரியங்கள் உள்ளன. வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகளைப் பராமரிப்பதற்கான அரசு உதவியும் அங்கே வாரியங்கள் வழியாகவே வழங்கப்படுகிறது. குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லாத தாய் பயிற்சிக்கு வர முடியாது என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. சிகாகோவில், 2012-இல், நகருக்கும் குக் கவுண்டிக்கும் தனித்தனியே இருந்த மூன்று வாரியங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. வேலை தேடுபவர் நகர எல்லையைப் பார்த்து வேலைக்குப் போவதில்லை என்பதால் அது இயல்பான முடிவு.

குறைகளும் மதிப்பீடும்

2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி அங்கீகாரம் 2020-உடன் முடிந்துவிட்டது. ஆண்டு நிதி ஒதுக்கீடுகளால்தான் அமைப்பு தொடர்கிறது. சட்டத்தைப் புதுப்பிக்க 2024-இல் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. நீண்ட காலத் திட்டம் வகுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டின் பணம் எவ்வளவு என்று கூடச் சொல்லாத நிலையில் வாரியங்களை வைத்திருப்பது நியாயமல்ல.

1998-ஆம் ஆண்டுச் சட்டத் திட்டங்களை 28 பகுதிகளில் சோதித்த நடுவண் அரசின் ஆய்வு, ஓர் ஆலோசகர் நேரில் அமர்ந்து உதவியதால் வருமானம் கூடியதைக் கண்டது. பயிற்சிக் கட்டணம் செலுத்தியதால் கூடுதல் பலன் ஆய்வுக் காலத்துக்குள் தென்படவில்லை. கட்டணச் சீட்டு மட்டும் ஒருவரை நிமிர்த்துவதில்லை. எந்தப் படிப்பு, எந்த வேலை, எவ்வளவு கூலி என்று உடனிருந்து வழிகாட்டும் மனிதரும் வேண்டும் என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய சோதனையில் மிஞ்சிய நன்மை, முதலாளியும் தொழிற்சங்கமும் கல்லூரியும் ஒரே மேசையில் அமர்ந்து, பொதுமக்கள் பார்க்கும் கூட்டத்தில், பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பது. ஆனால் ஒரு வாரியம் நல்ல வாரியமா என்பதைக் கூட்டங்களின் எண்ணிக்கையோ, எளிதில் வேலை பெறுவோரின் எண்ணிக்கையோ சொல்லாது. படிப்பை இழந்த இளைஞரும், ஆலை மூடியதால் ஐம்பது வயதில் தெருவுக்கு வந்த தொழிலாளியும் குடும்பம் நடத்தப் போதுமான கூலியுள்ள வேலைக்குத் திரும்பினார்களா என்பதை வைத்தே வாரியத்தை மதிப்பிட வேண்டும்.