அணுகுண்டுக்காக எழுதிய கணக்கு காருக்கு வந்த கதை



"அந்தக் காலத்துக் கார் என்றால் இரும்பு. இப்ப வாறதெல்லாம் தகரப் பேணி." தேநீர்க் கடையிலும் கராஜிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன பதிலைப் பெரியவர்களுக்கும் எழுதுகிறேன்.

கார் முழுவதும் விறைப்பாக இருந்தால், மோதலின் வேகம் அப்படியே உள்ளே இருப்பவரின் உடம்பில்தான் இறங்கும். மெர்சிடிஸ் பென்ஸ் பொறியியலாளர் பேலா பரேனி 1951இல் இதை மாற்றி யோசித்தார். முன்னும் பின்னும் நசுங்கட்டும், ஆட்கள் இருக்கும் நடுக்கூடு மட்டும் நசுங்கக்கூடாது. 1959இல் அப்படிக் கார் வந்தது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு? காரைச் செய்து, சுவரில் மோதி உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

விடை வந்த இடம்தான் விசித்திரம். 1976இல் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் ஜோன் ஹால்குவிஸ்ட் ஒரு கணினி நிரல் எழுதினார். பெயர் டைனா3டி. தாழப் பறக்கும் விமானம் போடும் அணுகுண்டு நிலத்தில் மோதும்போது என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக எழுதியது. பொருளைச் சிறு சிறு துண்டுகளாகவும் நேரத்தை செக்கனின் மிக நுண்ணிய பங்குகளாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எப்படி வளைகிறது என்று கணக்கிடும். அந்தக் குண்டுத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. நிரலோ 1978இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. (எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.)

அந்த வழியில் வந்த பாம்-கிராஷ் மென்பொருளில், 1986இல் ஒரு வொக்ஸ்வாகன் போலோ மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கொங்கிறீற்றுச் சுவரில் மோதியது, கணினிக்குள். 5,500க்கு மேற்பட்ட துண்டுகள். ஒரே இரவில் கணக்கு முடிந்தது. இன்று துண்டுகள் பல இலட்சம்.

"இரும்பு"க் கட்சிக்காரருக்கு: 2009இல் அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு செவ்ரலே பெல் எயாரையும் 2009 மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய காரின் நடுக்கூடு சரிந்தது. ஆள் இருந்திருந்தால் மௌத்து. புதியதில் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பார்.

அடிபட்ட காரை டிங்கரிங் செய்யும்போது, முன்னாலுள்ள இரண்டு நீள் சட்டங்களையும் இழுத்து நிமிர்த்தி, மேலே தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். "இப்ப முந்தியதைவிட ஸ்ட்ரோங்" என்றும் சொல்வார்கள். அந்தச் சட்டம் நசுங்குவதற்கென்றே கணக்கிடப்பட்டது. பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்தது போதும். பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து, அந்த இரண்டு சட்டங்களிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.